மோரு சாரின் பாஸ்போர்ட்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையச் சாலையில் உள்ள காயத்ரியின் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு ஜப்பானியர் நுழைந்தார். இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டு, "மேடம், பெரிய பேஜாரு ஆயிட்ச்சு" என்றார்.

அவர் பெயர் மொரிமோட்டோ. சிப்காட் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடமாகப் பொறியாளர். தமிழை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஆட்களின் வாயிலிருந்தே பொறுக்கிக்கொண்டார். ஆட்களும் அவர் பெயரைச் சுருக்கி 'மோரு சார்' ஆக்கிவிட்டார்கள்.

அவரைக் கூட்டி வந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் தணிகைவேல். காயத்ரி பத்து வருடம் சென்னையில் ஒரு டிராவல்ஸில் விசா வேலை பார்த்தவள். போன வருடம் ஒருவரின் காணாமல்போன நிலப்பத்திரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து தணிகைவேல் அவளுடைய உதவியாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவள் சம்மதத்தை அவர் கேட்கவில்லை.

"சாரோட பாஸ்போர்ட்டை எவனோ லவட்டிக்கினு போய்ட்டாம்மா" என்றார் தணிகைவேல், குரலைத் தாழ்த்தி. தெருமுனை வரை கேட்டது.

"சனிக்கிழமை நேபாளம் போணும்" என்றார் மொரிமோட்டோ. "அம்மா ஜப்பான்லேர்ந்து புத்தர் பொறந்த லும்பினிக்கு வருது. கோயில் கூட்டத்தோட. எழுபத்தெட்டு வயசு. முட்டி வலி. இனிமே பிளேன் ஏறாதாம். ரெண்டு வருஷமா நான் பாக்கல."

"ரெண்டு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட ஊருக்குப் போகலையா?"

"எங்கயும் போவல. மிஷின் என்னை உடல."

காயத்ரி கடையைச் சாத்திவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பாஸ்போர்ட்டைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"திங்கக்கிழமை. ஆபீஸ்ல துளசி சார் ஓட்டல் புக்கிங்குக்கு வாங்கி, காப்பி எடுத்து, திருப்பிக் குடுத்தாரு. பைல வெச்சேன். பை கெஸ்ட் ஹவுஸ் மேசை மேல. செவ்வாய் சாய்ங்காலம் பாத்தா இல்ல. அதே பைல டாலர் இருந்துச்சு. அது அப்டியே கீது."

"செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"சமையல் கோவிந்தம்மா. டிரைவர் பீட்டர். மத்தியானம் துளசி சார். புது ஐடி கார்டுக்கு போட்டோ எடுக்க. வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வெச்சாரு. கண்ணாடியைக் கழட்டச் சொன்னாரு."

காயத்ரியின் பார்வை அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் நின்றது. நீலப் பின்னணியில், கண்ணாடி போட்ட மொரிமோட்டோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ்ல புகார் குடுத்தீங்களா?"

"துளசி சார் வேணாம்னாரு. ரெண்டு நாள் பொறு, கெடைக்கும்னாரு."

மதியம் மூவரும் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனார்கள். காயத்ரி சொன்னபடி சந்தேகத்துக்குரிய மூன்று பேரும் கூடத்தில் காத்திருந்தார்கள். தணிகைவேல் நேராகப் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பாத்தியாம்மா! மஞ்சக் கறை! வெரல் அச்சு!" என்று கோவிந்தம்மாவின் பக்கம் திரும்பினார்.

"யோவ், அது சாரோட வெரலு" என்றாள் கோவிந்தம்மா. "கையால சாம்பார் சோறு துன்ட்டு, கழுவறதுக்குள்ள போன் வந்துச்சுன்னு பையைத் தொட்டாரு. நான் எத்தினி வாட்டி சொல்றது?"

மொரிமோட்டோ மஞ்சள் படிந்த விரலை வெட்கத்துடன் காட்டினார்.

தணிகைவேல் அசரவில்லை. "பீட்டர், நீ?"

"எனக்கெதுக்குண்ணா அது?" என்றான் பீட்டர். "நேபாளத்துக்கு எவன்ணா பாஸ்போர்ட் கேக்குறான்? எம்மச்சான் வோட்டர் ஐடி காட்டிக்கினு போய் வந்தான்."

நிர்வாக அதிகாரி துளசிராமன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியும் அவருக்கு வியர்த்தது.

"எடுத்தவருக்குப் பணம் வேண்டாம்" என்று காயத்ரி மெதுவாக ஆரம்பித்தாள். "வேணும்னா டாலர் போயிருக்கும். அவருக்கு வேண்டியது ஒண்ணுதான். சார் கிளம்பக்கூடாது. பயணத்தை நிறுத்தணும்னா பீட்டர் எதை எடுப்பார்? நிச்சயமா பாஸ்போர்ட்டை இல்ல. அது இல்லாமலே போகலாம்னு நம்பறவர் அவர். இந்தியக்காரங்களுக்கு அது சரி. இங்க வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு பாஸ்போர்ட்டும் வேணும், நேபாள விசாவும் வேணும்."

"அப்போ கோவிந்தம்மா!" என்றார் தணிகைவேல்.

"இருங்கண்ணா. தொலைஞ்சதுன்னு புகார் குடுத்தா பாஸ்போர்ட்டை ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் கிடைச்சாலும் செல்லாது. புகார் வேண்டாம்னு தடுத்தவருக்கு, அது பத்திரமா இருக்குன்னு தெரியும். இவங்க கம்பெனி ஐடி கார்டுல எல்லாருக்கும் நீலப் பின்னணி. அண்ணா, உங்க ஆட்டோவில தினமும் பார்க்கறீங்களே?"

"ஆமாம்மா. எல்லாம் நீலந்தான்."

"வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாத முகம். அது விசா விண்ணப்பத்துக்கான படம். நேபாள விசாவுக்குன்னா சார்கிட்டயே சொல்லி எடுத்திருக்கலாம். ஐடி கார்டுன்னு ஏன் பொய்? துளசிராமன் சார், திங்கட்கிழமை காப்பி எடுக்கும்போது இவரோட இந்திய விசாவுல என்ன பார்த்தீங்க? உள்ளே வர ஒரே ஒரு தடவைதான் அனுமதின்னு இருந்ததா?"

துளசிராமன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். தயிர்சாத டப்பாவுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது.

"நான்தான் மேடம் இவரோட விசா ஃபாரத்தை நிரப்புனேன்" என்றார் உடைந்த குரலில். "பல தடவைன்னு போடறதுக்கு ஒரு தடவைன்னு போட்டுட்டேன். இவரு வெளிய போகவே இல்லையா, யாரும் கவனிக்கல. வருஷா வருஷம் இங்கயே நீட்டிச்சுட்டோம். இப்ப போனா திரும்பி உள்ள வர முடியாது. சொன்னா என் வேலை போயிடும். பாஸ்போர்ட் கையில இருந்தா இவரு ஏறிடுவாரு. அதான் எடுத்து வெச்சிக்கினு, திரும்பி வர்றதுக்கான விசாவுக்கு ஆன்லைன்ல போட்டிருக்கேன். இன்னும் வரல."

மொரிமோட்டோ பாஸ்போர்ட்டை வாங்கி விசா பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்கம்மா அங்க வந்து உக்காந்துனு இருந்திருக்கும்" என்றார் கடைசியில். "நான் வரல. ஏன்னு எனக்கே தெரியாது. நீ சொல்லியிருக்கணும்."

துளசிராமன் தன் மடிக்கணினியை எடுத்து நீட்டினார்.

காயத்ரி அதை வாங்கி விண்ணப்பத்தைத் திறந்தாள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் அன்று காலையிலேயே பதில் போட்டிருந்தது. தொழிற்சாலைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தலைவரிடம் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, துளசிராமன் அந்தப் பதிலைத் திறந்து பார்க்கவேயில்லை.

"எழுந்திருங்க, போலாம்" என்றார் மொரிமோட்டோ. "நானும் கூட வரேன். தலைவர் திட்டுனா ரெண்டு பேரும் குனியலாம்."

தலைவர் முக்கால் மணி நேரம் திட்டினார். துளசிராமனுக்கு எச்சரிக்கைக் கடிதமும், மொரிமோட்டோவுக்குக் கையெழுத்திட்ட கடிதமும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அனுமதி வந்தது. நேபாள விசாவை இறங்கும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, அதற்குக் கட்ட வேண்டிய டாலரைக் காயத்ரி தனி உறையில் போட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் தணிகைவேலும் வழியனுப்ப விமான நிலையம் வரை போனார். வழியெல்லாம் பீட்டருக்கு வழி சொன்னார்.

அடுத்த புதன்கிழமை மொரிமோட்டோ மறுபடி கடைக்கு வந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கூடவே துளசிராமனும், ஆட்டோவில் கூட்டி வந்த தணிகைவேலும் வந்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு முட்டி வலி போய்ட்ச்சு" என்றார் மொரிமோட்டோ, சிரிப்பை அடக்க முடியாமல். "டிசம்பர்ல கும்மிடிப்பூண்டி வருதாம். கோவிந்தம்மா சாம்பார் துன்னணுமாம். விசா ஃபாரம் நிரப்பணும் மேடம்."

துளசிராமன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "குடுங்க சார், நானே..."

"வேணாம்!" என்றார்கள் மூன்று பேரும்.