அடைத்துவைத்த காற்று

காற்றை அடக்கத் தெரிந்தவனே மனிதன். மற்றவர்கள் எல்லாம் அது அடிக்கிற பக்கம் போகும் சருகுகள். இது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அதை அவர் நிலைநாட்டிய இடம், சொந்தக் கார். வெளிக்காற்று உள்ளே வரும் வழியைப் பழைய தலையணை உறை ஒன்றைத் திணித்து அடைத்துவிட்டு, குளிரில் ஒரு துளிகூட வீணாகவில்லை என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மைத்துனர்கள் அவரை 'ஏசி அத்தான்' என்று அழைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை மழை. நீச்சல் குளத்துக்கு வெளியே காரை நிறுத்தி, எட்டு வயது மகள் வகுப்பு முடிந்து வரக் காத்திருந்தார். ஏசி முகத்தில் குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது; மழையின் சத்தம் கூரையில் அரிசி கொட்டுவது போல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது; ஈரத்துணியை மூடிவைத்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. பிடரியில் மட்டும் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

மெக்கானிக்கை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்பா, பின்பக்கம் ஏசில சூடா காத்து வருது. காத்தைத் திருப்புற ஃப்ளாப் மாட்டிக்கிச்சுன்னு நினைக்கிறேன்."

"உங்க வண்டில பின்னாடி காத்து வர்ற ஓட்டையே கிடையாதே சார். போன தடவை எனக்கே கிளாஸ் எடுத்தீங்க, இது தெரியாதா?"

"தெரியும், தெரியும். சும்மா உன்னை டெஸ்ட் பண்ணேன்."

"சரி, ஃபேனை நிறுத்துங்க."

நிறுத்தினார். முகத்தில் அடித்த குளிர் நின்றது. பிடரியில் பட்டது நிற்கவில்லை.

"எஞ்சினையும் அணைச்சுப் பாருங்க."

அணைத்தார். மழை மட்டும் கேட்டது. பிடரியில் சூடு வந்தது. போனது. மறுபடி வந்தது.

"விட்டு விட்டு வருதுப்பா."

"கண்ணாடில பனி படியுதா?"

"ஆமா."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா? விரலால தொடுங்க."

தொட்டார். விரல் நனைந்தது. "உள்பக்கம்."

"வெளிக்காத்தைத் திறந்து விடுங்க, போயிடும்."

அவர் தொண்டையைச் செருமினார். "அதை நான் அடைச்சு வச்சிருக்கேன்."

"எதை?"

"வெளிக்காத்து வழியை. ஒரு டெக்னிக்தான்."

"நல்ல டெக்னிக் சார். அப்போ இத்தனை மாசமா அதே காத்துதான் உள்ள சுத்துது." மெக்கானிக் சிரித்தார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"பனி எங்க அதிகம்? முன்னாடியா பின்னாடியா?"

அவர் திரும்பவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பின்ஜன்னல்கள் பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தன. அவருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் இப்போதுதான் ஓரம் மங்கியிருந்தது.

"பின்னாடி."

"அப்போ ஆளும் பின்னாடிதான் சார் இருக்கணும்."

மெக்கானிக் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் அழைப்பைத் துண்டித்தார். ஒரு மெக்கானிக்கிடம் போய்ப் பயந்ததாகக் காட்டிக்கொள்வதா?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மூச்சை அடக்கினார்.

அதுவும் அடக்கியது.

விட்டார்.

அதுவும் விட்டது. காதருகில். நீளமாக.

எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது. மழையில், காரின் மூக்குக்கு முன்னால் நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஓட்டுநர் கதவை மட்டும் ஞாபகமாக அறைந்து சாத்தியிருந்தார்.

குளத்தின் வாசலிலிருந்து மகள் ஓடி வந்தாள், தலையில் துண்டோடு. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அந்தப் பக்கத்துப் பின்கதவைத் திறந்தாள். ஏறினாள். சாத்தினாள்.

"அப்பா, ஏன் மழையில நிக்கிறீங்க?" கண்ணாடிக்குள்ளிருந்து குரல் சின்னதாகக் கேட்டது.

அவர் ஓடினார். ஓட்டுநர் பக்கத்துப் பின்கதவுக்கு. கைப்பிடியைத் தொட்டார்.

"அப்பா, ஹீட்டரை நிறுத்துங்கப்பா. காதுல ஊதுது."

வெளுத்த கண்ணாடியில் அவளுடைய உள்ளங்கை பதிந்தது. ஏறிய கதவை விட்டு நகர்ந்து, இந்தப் பக்கம் வந்திருந்தாள். அந்தக் கைக்கு மேலே, அவர் முகத்துக்கு நேராக, கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு மூச்சு தட்டு அகலத்துக்குப் பூத்தது. சுருங்கியது. பூத்தது.

அவருடைய மூச்சோடு. சரியாக.

"அப்பா. கதவு திறக்க மாட்டேங்குது."

தள்ளினாள். தட்டினாள். இரண்டு கையாலும்.

"அப்பா, பூட்டிக்கிச்சா?"

கதவு பூட்டியிருக்கவில்லை. அப்பா அதன்மேல் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்.