எழுத்து விழாத கடிதம்

வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. அவளுடைய சித்தி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கடும் காய்ச்சலில் பார்வை போன பிறகு, எட்டு மாதமாக வீட்டோடு இருந்தார்.

திரும்ப வேலைக்கு வரலாமா என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். அதை யார் உதவியும் இல்லாமல் தானே எழுத வேண்டும் என்பது சித்தியின் பிடிவாதம். கணினியில் அடித்துப் பார்த்தார். ஏதோ ஒரு விசை தவறிப் பட்டு, அரைப் பக்கம் சத்தமே இல்லாமல் காணாமல் போனது. அன்று சித்தி சாப்பிடவில்லை.

மறுநாள் வாலு அப்பாவை நச்சரித்து, பரணில் கிடந்த தட்டச்சுப்பொறியை இறக்க வைத்தாள். தூசி துடைத்தாள். வரி முடியப் போகிறது என்றால் அது 'டிங்' என்று மணி அடிக்கும். அதைக் கேட்டதும் சித்தியின் முகம் மலர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தட்டினார்.

பிறகு தாளை உருவி வாலுவிடம் நீட்டினார். "படி, பாப்போம்."

தாள் வெள்ளையாக இருந்தது. ரிப்பனில் மை காய்ந்து எத்தனை வருடமோ! "நல்லா வந்திருக்கு" என்ற பொய் வாலுவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

தாளின் பின்பக்கம் விரலில் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. முன்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுத்துகள் பள்ளம் பள்ளமாக அழுந்தியிருந்தன. பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தீட்டினாள். தாள் சாம்பல் நிறமாக, எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தன.

"சித்தி, ரிப்பன்ல மை இல்ல. ஆனா நீங்க அடிச்சது ஒண்ணுகூடப் போகல," என்று நடந்ததைச் சொல்லிவிட்டு, வாலு முழுக்கப் படித்தாள். மூன்றே பிழைகள்.

புது ரிப்பன் வாங்கிவரட்டுமா என்று அப்பா கேட்டார்.

"வேணாம்," என்றார் சித்தி. "இப்படியே போகட்டும்."

கடிதம் போன நான்காம் நாள் தலைமையாசிரியரே தொலைபேசியில் அழைத்தார். ஆறாம் வகுப்பு காத்திருக்கிறதாம்.

திங்கட்கிழமை வகுப்பு வாசல்வரை சித்தியின் கை வாலுவின் தோளில் இருந்தது. அங்கே அதை எடுத்துவிட்டு, உனக்கு நேரமாகிறது, கிளம்பு என்றார்.

உள்ளே நாற்பது நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன. சத்தம் அடங்கும்வரை சித்தி நிமிர்ந்து நின்றார்.

"எல்லாரும் உட்காருங்க," என்றார்.