கதவுக்கு வெளியே ஒரு மூக்கு

அந்த வீட்டில் பொடி வறுக்கிற நாளென்றால் சமையலறைக் கதவு சாத்தியிருக்கும். கதவுக்கு உள்ளே அம்மா. கதவுக்கு வெளியே தும்மல்.

தும்மல் என்பது ஒரு பெண். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிளகாய் நெடி பட்டால் போதும், மூன்று வீடு தள்ளியிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி தும்முவாள். ஒரு தடவை, வறுத்து ஆறவைத்த பருப்புக்கு நேராக நின்று தும்மிவிட்டாள். தட்டோடு குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்துதான் இந்தக் கதவு ஏற்பாடு.

கதவைச் சாத்தினாலும் அவள் போய்விட மாட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். உள்ளே கரண்டி புரளும் சத்தம் கேட்கும். கதவின் அடி இடுக்கு வழியாக வாசனை வரும்.

அம்மா எதையும் மொத்தமாகப் போட்டு வறுக்க மாட்டாள். கடலைப்பருப்பு தனி, துவரம்பருப்பு தனி, மிளகும் சீரகமும் தனி. கடைசியில்தான் மிளகாய். கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். ஆனாலும் ஒரு பருப்புகூடக் கருகியது கிடையாது. உலகத்தில் இதைவிடப் பெரிய வித்தை எதுவுமில்லை என்பது தும்மலின் கட்சி.

அப்பேர்ப்பட்ட அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை பயங்கரச் சளி. மூக்கும் அடைப்பு, காதும் அடைப்பு, கண்ணில் ஓயாத நீர்.

இன்னொரு நாளாக இருந்தால் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அன்று மாலை ரயில் ஏற வேண்டும். முதல் தடவையாக வீட்டை விட்டுப் போகிறான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியும். அதோடு சரி.

"ஒரு டப்பா பொடி மட்டும் குடும்மா. நான் பிழைச்சுக்குவேன்" என்று சொல்லியிருந்தான்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கடலைப்பருப்பு வாணலியில் விழுந்தது. கதவுக்கு வெளியே தும்மல் வழக்கம்போல உட்கார்ந்தாள்.

முதலில் மந்தமாகக் கேட்ட சத்தம், கொஞ்ச நேரத்தில் கலகலவென்று மாறியது. நல்ல வாசனை வந்தது. 'இப்போ இறக்குவாங்க' என்று நினைத்தாள். அம்மா இறக்கவில்லை. வாசனை கனத்தது. அப்போதும் கரண்டி புரண்டுகொண்டே இருந்தது. 'அம்மா ஏதாவது புதுசா செய்றாங்க போல' என்று சும்மா இருந்துவிட்டாள்.

புகையைப் பார்த்த அண்ணன்தான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, அவளை நகர்த்திவிட்டு உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். "அம்மா! தீயுது!"

வாணலியில் பருப்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முகம் சுருங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியலடா. இந்தக் கையால நான் கருக்கினதே இல்ல."

"போகட்டும்மா. பொடி இல்லன்னா என்ன" என்றான் அண்ணன். ஆனால் அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை. கழுவிக் காயவைத்த பருப்பு இன்னும் ஒரே ஒரு பங்குதான் இருந்தது. அதுவும் கருகினால் வெறும் டப்பாவோடுதான் போக வேண்டும்.

தும்மல் கதவைத் தட்டினாள். "அண்ணா, சத்தம் மாறினப்பவே இறக்கியிருக்கணும். அம்மா எப்பவும் அப்பத்தான் இறக்குவாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் எப்பவும் இங்கேயே உட்கார்ந்திருக்கேனே!"

அண்ணன் அம்மாவின் காதருகில் போய் அதை உரக்கக் கத்தினான். அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அவ அங்கேயே இருக்கட்டும். அவ சொல்றப்போ நீ எனக்குத் துண்டை ஆட்டு."

"ஏன், நீயே மோந்து பார்த்துச் சொல்லேன் அண்ணா" என்றாள் தும்மல் பயத்தோடு.

"எனக்குச் சோப்பு வாசனையும் பருப்பு வாசனையும் ஒண்ணுதான். நீ சொல்லு தாயே!"

மறுபடி அடுப்பு எரிந்தது. தும்மல் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கதவில் ஒட்டவைத்தாள். மந்தமான சத்தம்... இன்னும் மந்தம்... கலகல!

"இறக்கு!"

அண்ணன் துண்டை ரயில்வே கொடி மாதிரி ஆட்டினான். அம்மா சட்டென்று தட்டில் கொட்டினாள். பொன் நிறம்!

துவரம்பருப்பும் அப்படியே தப்பித்தது. மிளகும் சீரகமும் வெடிக்கத் தொடங்கியதும் "போதும்" என்றாள். அதுவும் சரியாக வந்தது. இனி மிளகாய்.

தும்மல் கதவை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நல்லபடியாக நடந்த காரியத்தைத் தும்மிக் கெடுத்துவிடக் கூடாதே! நெடி இடுக்கு வழியாக ஏறியது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிடித்த பிடியை விடவில்லை.

உள்ளே அம்மா கிளறினாள். கதவைப் பார்த்தாள். கிளறினாள். மறுபடி பார்த்தாள்.

"டேய், அவ இன்னும் தும்மலையா?"

"தும்மல் ராணி!" என்று அண்ணன் இருமிக்கொண்டே கதவை இடித்தான். "ஏன் இன்னும் தும்மலன்னு அம்மா கேக்குறாங்க!"

"என்னது?" என்று வாயைத் திறந்தாள். விரல் நழுவியது.

"ஹச்! ஹ்ஹச்! ஹாஆஆச்!"

அம்மாவின் அடைத்த காதுக்கே அது கேட்டுவிட்டது. அடுத்த நொடி வாணலி கீழே இருந்தது. மிளகாய் பளபளவென்று சிவந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கறுத்திருக்கும்.

"இத்தனை நாளா இவ தும்மலை வச்சுத்தானே மிளகாயை இறக்குறேன்" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

தும்மல் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அப்போ என்னை உள்ளேயே விட்டிருக்கலாமே!"

அண்ணன் அதை அம்மாவின் காதில் கத்தினான். அம்மா சிரித்தாள். "உள்ளே இருந்தா சீக்கிரமே தும்மிடுவே. வெளியே இருந்தாத்தான் பதம் சரியா வருது."

அண்ணனுக்கு அவசரம். "அரைச்சுடலாமா?"

"தொட்டுப் பாரு. சூடு இருந்தா பொடி வேர்த்துக் கட்டியாயிடும்" என்று தும்மல் அதட்டினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பழைய அட்டையை எடுத்து விசிறினான்.

மாலையில் டப்பா நிறைந்தது. அண்ணன் பெட்டியைத் தூக்கினான். அம்மாவின் முகத்தில் மட்டும் தெளிவில்லை. "எல்லாம் சரி. வாசனை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியலையே" என்று டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

பொடி நேராக உள்ளே ஏறியது. அம்மா டப்பாவை அவசரமாக அண்ணன் கையில் திணித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, வீடு அதிரும்படி தும்மினாள். பிறகு அப்படியே நின்றாள். மெதுவாகக் காற்றை இழுத்தாள்.

"அடடா! மூக்கும் காதும் திறந்துடுச்சு! வாசனை வருதுடா... எப்பவும் வர்ற அதே வாசனை!"

"நீ வறுத்தா அப்படித்தானேம்மா வரும்?"

"கரண்டியைப் பிடிச்சது மட்டும்தான் நான்" என்றாள் அம்மா. "வறுத்தது அவ."

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கைக்கு ஒரு பெரிய வணக்கம் போட்டான்.

பதிலுக்கு ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று தும்மல் நினைத்தாள். ஆனால் திறந்திருந்த டப்பாவைப் பார்த்ததும் மூக்கு துடித்தது. ஒரே ஓட்டமாக ஓடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சொல்ல நினைத்ததைச் சொன்னாள்.

"ஹாஆஆச்!"