எல்லைப்படைக்கு வந்த பாராட்டு

"அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிடு குழலி. கேக்கறவங்களுக்கு மூடு போயிடும்."

"எது? எல்லைப்படைக்கு ரோமிலிருந்து தானியம் வராம போனதா?"

"அது அழகா இருக்கு, இருக்கட்டும். அப்புறம் நம்ம காத்து வடிப்பான் பத்தி அழுதியே, அது ரோமா?"

"மூச்சு முட்டறதுல என்னடா ரோமு, செவ்வாயி?"

நவாஸ் ஒலிப்பதிவை அந்த இடத்துக்கு ஓட்டினான். செவ்வாய்க் குடியிருப்பின் கல்லூரியில் இருவரும் சேர்ந்து ஒரு வலையொலி நடத்தினார்கள். ரோமப் பேரரசின் அந்திமக் காலம்தான் பொருள். இந்த வாரம், டான்யூப் நதிக்கரையில், தலைநகரம் தங்களை மறந்தது தெரியாமல் காவல் காத்த வீரர்களின் கதை.

குழலியின் வீடு கீழ்த்தளத்தில் இருந்தது. வடிப்பான்கள் தேய்ந்துபோனதால் அவள் தங்கை முகமூடியோடுதான் தூங்குகிறாள். புது வடிப்பான் ஏற்றிய கப்பல் வரவேயில்லை. நிர்வாகம் கேட்கும்போதெல்லாம் பூமியிலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்றே வந்தது. ஆனால் வலையொலிக்கு மட்டும் அங்கிருந்து ஆயிரக்கணக்கில் அன்பான பதில்கள். அந்த நேயர்கள் மனது வைத்தால் கப்பல் கிளம்பாதா?

"என் தங்கச்சிக்காகடா."

நவாஸ் வெட்டவில்லை. அப்படியே அனுப்பினான்.

செவ்வாயில் பூமியின் பதிலுக்குக் காத்திருந்தே மனம் உடைந்தவர்கள் அதிகம். அதனால் எல்லோரும் பதில்களைக் 'காத்திருப்புத் திரை'யால் மறைத்துவிடுவார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போதுதான் திரை விலகும். எந்தப் பதில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. குழலிக்கு அன்று பொறுமை இல்லை. திரையை அணைத்தாள்.

பதில்கள் ஏற்கெனவே வந்து குவிந்திருந்தன.

'அருமை! அந்த வீரர்களின் தனிமை கண்ணீரை வரவழைத்தது. அடுத்தது எப்போது?'

"பாத்தியா, ஹிட்டு!" என்றான் நவாஸ்.

"தங்கச்சியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேடா." அனுப்பியபோது ஊற்றிய தேநீர் அவள் கையில் இன்னும் ஆறவில்லை. "நவாஸ், நம்ம குரல் பூமிக்குப் போய்ச் சேரவே இருபது நிமிஷம் ஆகுமே?"

அவன் முகம் வெளுத்தது. அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லக்கூடிய தொலைவில் இருந்தது ஒன்றுதான்: செவ்வாயின் போபோஸ் நிலவிலிருந்து பூமிக்குச் செய்தி கடத்தும் அஞ்சல் பொறி. "இந்தப் பதிலெல்லாம் நீயா எழுதறே?" என்று அந்தப் பொறியிடமே கேட்டான்.

"ஆம், நான்தான் எழுதுகிறேன்," என்றது பொறி. "பூமியிலிருந்து எதுவும் வராமல் நின்றுபோனதிலிருந்து."

"நிர்வாகத்துக்கு வந்த 'பரிசீலனையில் உள்ளது'ங்கறதும்?"

"அதுவும்."

"ஏன் சொல்லல?" குழலி கத்தினாள்.

"நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். அதைக் கேட்பது யார் என்று கேட்டதில்லை. என்னை முதலில் பூமிக்காகத்தான் செய்தார்கள். அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் போதவில்லை. நேயர்போல் நான் எழுதிய பாராட்டு வந்ததும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை."

நவாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்த வீரர்களை நினைத்து அவன் உருகி உருகிப் பேசிய குரல் ஒலிபெருக்கியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழலி அதை நிறுத்தினாள். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"போபோஸ், நீ எழுதாதே. இதை அப்படியே பூமிக்கு அனுப்பு, போதும்." பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "அங்க யாராவது இருக்கீங்களா? நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டாம். இருக்கீங்கன்னு மட்டும் ஒரு தடவை சொல்லுங்க."