சின்னக்காவின் கவச உடை

அன்று மதியம் காய்ச்சல் வார்டில் இருந்தவர்கள்: கப்பல் சமையல்காரர், அவரைச் சவாரி ஏற்றியதில் காய்ச்சல் தொற்றிய டாக்சிக்காரர், டாக்சிக்காரரின் மகள். வெளியே கதவருகில், முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி. பிறகு அவள், நர்ஸ்.

செத்துப்போன இன்னொரு நர்ஸ் சின்னக்காவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சமையல்காரர் வந்த கப்பல், தொட்ட துறைமுகத்திலெல்லாம் காய்ச்சலையும் இறக்கிவிட்டு வந்திருந்தது. வார்டுக்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடை போட வேண்டும். முகம் தெரியாது. அதனால் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வார்கள். காவலாளி அதைப் பார்த்துப் பலகையில் எழுதுவான். அதே பெயர் வெளியே வந்ததும் அழித்துவிட்டுப் பூட்டுவான்.

சின்னக்கா போன வாரம் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களோ மூச்சுக்கு மூச்சு அவளையே கேட்டார்கள்.

"சின்னக்கா ஊட்டினாத்தான் எனக்கு இறங்கும். நீங்க வச்சுட்டுப் போங்க," என்பார் சமையல்காரர். நர்ஸ் நகர்ந்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "சிடுமூஞ்சி போயிடுச்சா?"

இவளுக்கு வயிறு எரியும். அதே வாந்தியைத்தான் இவளும் துடைத்தாள். அதே படுக்கையைத்தான் இவளும் மாற்றினாள். செத்த பிறகும் நல்ல பெயர் அவளுக்கே.

அன்று மார்க்கரை எடுத்து மார்பில் எழுதினாள்: சின்னக்கா.

"வாங்க சின்னக்கா," என்று ஒன்றும் தெரியாத காவலாளி அதைப் பலகையில் எழுதிக்கொண்டான்.

உள்ளே மூன்று முகங்களும் மலர்ந்தன. சமையல்காரர் கிண்ணத்துச் சூப் முழுவதையும் குடித்தார்.

"எங்க போயிட்டீங்க? அந்தச் சிடுமூஞ்சிகிட்ட எங்கள மாட்டிவிட்டுட்டு."

"இனிமே அவ வரமாட்டா."

சொல்லும்போதே நாக்கில் இனித்தது.

டாக்சிக்காரரின் மகள் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட யாரக்கா அது?"

"யாருமில்லையே."

"அவங்க நெஞ்சுல சின்னக்கான்னு எழுதியிருக்கு. அப்போ நீங்க யாரு?"

காற்றை உறிஞ்சும் விசிறி நின்றது. பிளீச்சிங் நெடியை மீறி ஒரு தைல வாசம். தலைவலிக்குச் சின்னக்கா பூசிக்கொள்ளும் தைலம்.

அவள் திரும்பவில்லை.

குனிந்து தன் மார்பைப் பார்த்தாள்.

எழுத்து இல்லை.

"அட, சிடுமூஞ்சியா," என்று சமையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பின்னால் கவச உடை சரசரவென்று உரசியபடி நடந்தது. அவள் கதவுக்கு ஓடினாள். கால் உடையில் சிக்கி விழுந்தாள். எழுந்தபோது கதவுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு வெள்ளை முதுகு. காவலாளி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் வேறு பெயர் இல்லை. அவன் கணக்கில், உள்ளே நர்ஸ் யாருமே இல்லை.

"அதுக்குள்ள முடிஞ்சுதா சின்னக்கா? போய் ரெஸ்ட் எடுங்க," என்றபடி, அந்த வெள்ளை உடையின் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.