உரிமம் இழந்த வரிசை

தசரா முடிந்த மறுநாள். மைசூரு சரஸ்வதிபுரத்துத் தெருக்களில் உடைத்த பூசணிக்காய்கள் இன்னும் வாரப்படாமல் கிடந்தன. காந்தராஜ அரஸ் தட்டு இட்லியில் கை வைத்ததும் வாசல் மணி அடித்தது. அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் ஊர் வழக்கெல்லாம் அவரைத் தேடி வரும். தொலைபேசித் துறையில் திருட்டு விசாரணை பார்த்து ஓய்வு பெற்ற மனிதரை ஊர் அவ்வளவு சுலபமாக விடுமா?

வந்தவள் வசுந்தரா. பக்கத்துத் தெருவில் புட்டஸ்வாமி நடத்தும் வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அழுது வீங்கிய முகம்.

"சார், என்னைத் திருடின்னுட்டாங்க. அத்தனை பசங்க முன்னாடி! சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாராம். அப்புறம் இந்த ஊர்ல எவன் என்னை நம்பி ஒரு மெஷினைத் தொட விடுவான்?"

"எதைத் திருடினதா சொல்றாங்க?"

"கீயை சார்."

"எந்தப் பூட்டுக்கு?" என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தார் அரஸின் தங்கை தேவாஜம்மா. துப்பறிவதில் அண்ணனைவிட அவருக்குத்தான் அவசரம் அதிகம்.

"கதவுச் சாவி இல்லம்மா. கம்ப்யூட்டர் ஓடறதுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குல்ல, அதோட உரிம நம்பர். எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே நம்பர் வாங்கியிருக்கோம். இத்தனை மெஷின்ல போடலாம்னு கணக்கு இருக்கும். இன்னிக்குக் காலையில திறந்தா கடைசி வரிசை மட்டும் உரிமம் இல்லங்குது. நம்பரைத் திரும்பப் போட்டா ஏத்துக்கல. எங்க புட்டஸ்வாமி சார் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணினார். 'உங்க எண்ணிக்கை தீர்ந்துபோச்சு, அதுக்கு மேலயும் புது மெஷின்ல போட்டுப் பார்த்திருக்காங்க'ன்னாங்களாம். அந்த நம்பர் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். வெளியில வித்துட்டேன்னு முடிவே பண்ணிட்டாங்க. மெஷின் பக்கமே போக விடல."

"பூஜைக்கு முன்னாடி நல்லா இருந்துச்சா?"

"முந்தின நாள் எல்லாத்தையும் தூசு தட்டி, போட்டுப் பார்த்துட்டுத்தான் அணைச்சேன். ஒரு குறையும் இல்ல சார்."

அவள் தண்ணீர் குடிக்கும்போது தேவாஜம்மா அண்ணன் காதில் கிசுகிசுத்தார்: "வேற யாருக்கும் தெரியாதுன்னு அவளே சொல்றா. அழுகையைப் பார்த்து ஏமாந்துடாதே அண்ணா."

"உனக்கு அந்த இட்லி மேலயே சந்தேகம். வா, போய்ப் பார்ப்போம்."

மையத்தில் புட்டஸ்வாமி வெடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று விசிறிவிட்டுக்கொண்டிருந்தவன் மைத்துனன் சிவருத்ரா, அவர் மனைவியின் தம்பி. பழைய கணினிகளை வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறான்.

"உப்புப் போட்டுச் சோறு தின்னவ செய்யற வேலையா சார் இது?" என்றார் புட்டஸ்வாமி.

"விடுங்க பாவா. போலீசுக்குப் போயிடுவோம்" என்றான் சிவருத்ரா. "கடைசி வரிசையை நான் எடுத்துட்டுப் போயிடறேன். வேற மெஷின் கொண்டாந்து போடறேன்." அக்கா வீட்டுக்காரர் மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனம்.

அரஸ் கணினி அறைக்குள் நிதானமாக நடந்தார். மூலையில் சாமுண்டேஸ்வரி படம். எதிரில் பெரிய குத்துவிளக்கு, எண்ணெய்ப் பிசுக்கோடு.

"பூஜை முடிஞ்சதும் வேலை செஞ்சீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? ஆயுத பூஜைக்கு வச்ச மெஷினைத் தொடுவோமா? கதவைப் பூட்டியாச்சு. இன்னிக்குக் காலையிலதான் திறந்தோம்."

"விளக்கு அணைஞ்சிருக்குமே, பாவம்."

"அணையறதாவது! மெஷினுக்கு ஓய்வு முடியற வரைக்கும் எரியணும், அது எங்க வழக்கம். சிவருத்ராதான் ரெண்டு வேளையும் வந்து எண்ணெய் ஊத்தினான். சாவியே அவன்கிட்டதான் இருந்தது. தங்கமான பிள்ளை."

தேவாஜம்மா இதற்குள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே கடைசிக்குப் போயிருந்தார். "அய்ய! யாரு இங்க பொட்டு வச்சது? முன் வரிசையிலெல்லாம் மஞ்சள் வச்சு அது மேல குங்குமம். இந்த வரிசைக்கு மட்டும் வெறும் குங்குமம். மஞ்சளுக்குமா பஞ்சம்?"

"என் வீட்டுக்காரி கையால வச்சதும்மா" என்று புட்டஸ்வாமிக்குக் கோபம் வந்தது. "மஞ்சள் இல்லாம அவ குங்குமத்தையே தொட மாட்டா."

அரஸ் குனிந்தார். ஒவ்வொரு கணினி டப்பாவிலும் பக்கத் தகடும் சட்டமும் சேருகிற கோட்டின் மேலேயே பொட்டு இருந்தது. திறந்தால் அழியும். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"புட்டஸ்வாமி, கல்யாணத்துல இலை தீர்ந்துபோச்சுன்னா யாருக்குச் சாப்பாடு இல்ல? புதுசா வர்றவனுக்கா, உட்கார்ந்து சாப்பிடறவனுக்கா?"

"புதுசா வர்றவனுக்கு. அதுக்கென்ன இப்போ?"

"கீயை வெளியில வித்திருந்தா, வாங்கினவனுக்குத்தான் இடம் கிடைச்சிருக்காது. ஏற்கெனவே உரிமம் வாங்கி ஓடிட்டிருந்த உங்க வரிசையை யாரும் எழுப்பிவிட மாட்டாங்க. அப்படியும் உரிமம் போச்சுன்னா அங்க இருக்கிறது உங்க மெஷினே இல்ல."

"டப்பா அதேதானே சார்? பசங்க ஃபைலெல்லாம் அப்படியே இருக்கே!"

"ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அதை மாத்தல. உரிமம் அடையாளம் பார்க்கறது முக்கியமா உள்ளே இருக்கிற மதர்போர்டை. அதை மாத்தினா, அதுக்கு நீங்க முன்பின் தெரியாத புது ஆள். காலையில அந்த வரிசையில நம்பரைத் திரும்பப் போட்டீங்களே, அப்படிப் புது ஆள் வரிசையா வந்து கேட்டதுதான் கம்பெனிக்காரன் சொன்ன கணக்கு. வசுந்தரா, ஒண்ணைத் திறம்மா."

சிவருத்ரா குறுக்கே வந்தான். "பாவா, அவளைத் தொட விடாதீங்க! எதையாவது மாத்திடுவா!"

"தள்ளுடா" என்றார் புட்டஸ்வாமி. குரல் இறங்கியிருந்தது.

வசுந்தரா திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு கிழட்டு போர்டு உட்கார்ந்திருந்தது. "இது நம்மளுது இல்ல சார்! நம்மளுது போன வருஷம் வாங்கினது!" என்று கத்தியே விட்டாள்.

"திறந்தவன் பழைய பொட்டு அழிஞ்சதும் புதுசா வச்சிருக்கான்" என்றார் அரஸ். "பூஜைக்கு அப்புறம் நடந்த வேலைங்கறதுக்கு அதுவே சாட்சி. அடியில மஞ்சள் வைக்கணும்னு அவனுக்குத் தோணல. அக்கா வைக்கும்போது பார்த்திருப்பான், கவனிச்சிருக்க மாட்டான். பூட்டின அறைக்குள்ள எண்ணெய் ஊத்த வந்தவன் ஒருத்தன்தான். நல்ல போர்டெல்லாம் இப்ப யார் கடையில இருக்குன்னு நானே சொல்லணுமா? மிச்சம் இருக்கிறதையும் எடுத்துட்டுப் போறேங்கறான், தடயம் போயிடும்னு."

சிவருத்ரா கெஞ்ச ஆரம்பித்தான். "பாவா... சீக்கிரம் திருப்பி வச்சிடலாம்னுதான்... அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

தேவாஜம்மா வசுந்தராவின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் காலையில் சொன்னது அவருக்கு உறுத்தியது. "நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன் கண்ணு. என் புத்தியை என்னன்னு சொல்றது."

புட்டஸ்வாமி வசுந்தராவை ஓரமாகக் கூப்பிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வசுந்தரா, போலீசெல்லாம் ஒண்ணும் இல்ல. நாளையிலிருந்து வேலைக்கு வந்துடு. இது எங்க வீட்டு விஷயம், வெளியில வேண்டாம்."

"திருடின்னு சொன்னது எல்லார் முன்னாடியும். இல்லன்னு சொல்றது என் காதுல மட்டுமா சார்?"

"நான் என்னம்மா செய்யணும்?"

அவள் பக்கத்து வகுப்பறையின் கதவைத் திறந்து பிடித்தாள். புட்டஸ்வாமி அரஸைப் பார்த்தார். அரஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் புட்டஸ்வாமி உள்ளே போய் மேடையில் நின்றார். பேச்சு அடங்கியது.

"வசுந்தரா எதையும் திருடல. நான் தப்பாச் சொல்லிட்டேன். திருடினது... திருடினது என் வீட்டு ஆள்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

வசுந்தரா கதவை விடவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க சார். காலையில திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு. இது பின் பெஞ்சுக்கே கேக்கல."

புட்டஸ்வாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை உரக்கச் சொன்னார்.