முகவரி தெரிந்த மருந்து

மனிதகுலத்தின் மிகப் பழைய பகைவனை வீழ்த்தும் பேறு பேரரசர்களுக்கோ பெரும்படைகளுக்கோ அல்ல, கண்ணுக்கே தெரியாத ஒரு துகளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இந்த வாக்கியத்தை இயக்குநர் ஒரு வாரமாகக் குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். 'பேரரசர்களுக்கோ' என்று கையை உயர்த்தும் இடத்தில் சரியாக மனைவி வெளியிலிருந்து கதவைத் தட்டி, "தண்ணிய மூடிட்டுப் பேசுங்களேன், தொட்டியே காலியாகுது" என்பாள். வெளியே வந்தால் வேறொரு பல்லவி. "வயித்துல அந்த இடத்துலயே கைய வெச்சுட்டுத் தூங்குறீங்க. உங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தா என்ன?"

"கேஸ்," என்பார் இயக்குநர். புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் அதன் ஸ்கேன் வரிசையில் போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

மருந்து என்னவோ உண்மையிலேயே அருமையான மருந்துதான். ஒவ்வொரு துகளும் புற்றுநோய் மருந்தைத் தன் வயிற்றுக்குள் சுமந்துகொண்டு, வழியில் வேறெந்த உயிரணுவையும் தொடாமல், புற்று இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துப் போய் அங்கே மட்டும் இறக்கிவைக்கும். 'முகவரி தெரிந்த மருந்து' என்று சுவரொட்டியில் போட்டது இயக்குநரின் யோசனை. ஒரே ஒரு சங்கடம், அவர் பார்க்க வரும்போது மட்டும் அது வேலை செய்யாது. தட்டின் ஒரு மூலையில் மருந்தையும் மறு மூலையில் புற்று அணுக்களையும் வைத்தால் மற்ற நாளில் எல்லாம் சமர்த்தாகப் போய்ச் சேரும். அவர் வந்து குனிந்தால் வழி தவறித் தட்டின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். "சார பாத்தா மருந்துக்கு வெக்கம்" என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழுந்த நாளிலிருந்து இயக்குநர் பெருந்தன்மையுடன் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எந்த ஓரத்தில் அப்பிக்கொண்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

இன்று வெளியீட்டு விழா. தூய்மை அறைக்குள் அவர் ஒரு குப்பியைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். பெரிய கண்ணாடிக்கு அப்பாலிருந்து தலைமை விருந்தினர் பார்க்க வேண்டும். படம் எடுப்பார்கள். பிறகு பேரரசர்கள், பெரும்படைகள்.

மருந்தை உருவாக்கிய வேதியியலாளரை எல்லோரும் 'துளி' என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருப்பவள். அவள்தான் வெள்ளை அங்கியை நீட்டினாள். "சார், இது உங்களுக்குச் சரியா இருக்கும்."

"நான் என்ன கூடாரத்துக்குள்ளயா போறேன்? மீடியம் குடும்மா."

அவள் மீடியத்தைக் கொடுத்தாள். அவர் முதுகைக் காட்டி வெகுநேரம் போராடிவிட்டுத் திரும்பியபோது, உரை இருந்த கோப்பை மார்போடும் வயிற்றோடும் சேர்த்து அணைத்திருந்தார்.

"சார், பேப்பர் உள்ள போகக் கூடாது. தூசு."

காதில் விழாதவர்போல இயக்குநர் உள்ளே போனார்.

உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. கூரை முழுவதும் மஞ்சள் விளக்கு, ஸ்பிரிட் வாடை, அதற்கடியில் ஊசிபோல மெலிதாக ஏதோ இரும்பு நாற்றம். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி எல்லாப் பக்கமும் இரைந்துகொண்டிருந்த காற்றோட்டிகளின் சத்தம், கொஞ்ச நேரத்தில் அவர் தலைக்குள்ளேயே கேட்பதுபோல ஆகிவிட்டது. எஃகு அலமாரியில் வரிசை வரிசையாகக் குப்பிகள், பால் சேர்க்காத காபி நிறத்தில் மருந்து. ஒருவருக்குச் சில சொட்டு போதும். அங்கே ஓர் ஊருக்கே இருந்தது.

எல்லாக் குப்பியிலும் கறுப்பு ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது.

அலமாரி கோணல் என்று நினைத்தார். ஒப்பந்ததாரரை ஒரு பிடி பிடிக்க வேண்டும். அலமாரியின் மறுமுனைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இப்போது கறுப்பு இந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது. குப்பிக் கண்ணாடியின் உட்புறத்தில், நெற்றியைச் சன்னலில் அழுத்தி வெளியே பார்க்கும் முகம்போல வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார். வட்டம் மெதுவாக மேலே ஏறியது. உட்கார்ந்தார். இறங்கியது. அவருடைய கண்ணுக்கு நேராக அல்ல, நெஞ்சுக்கு நேராகவும் அல்ல. வலது விலா எலும்புக்குக் கீழே, கோப்பு மறைத்திருந்த இடத்துக்கு நேராக.

கேஸ்.

சுவரிலிருந்த பேசும் கருவியின் பொத்தானை அழுத்தினார். "துளி, இந்தக் குப்பியெல்லாம் ஏன் ஒரு பக்கமாச் சாயுது?"

"எந்தப் பக்கம் சார்?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "என் பக்கம்."

கருவி கரகரத்தது. "பையில காந்தம் எதுவும் வெச்சிருக்கீங்களா?"

"மருந்துல இரும்பு இருக்கா?"

"கிடையாது சார். சும்மா கேட்டேன்." பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் சார். அது எங்க..." வாக்கியம் பாதியில் நின்றது. "சார், நீங்க வெளிய வந்துடுங்க."

உட்கதவை இழுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தூசு நுழையாதிருக்க இரண்டு கதவுகள், நடுவே ஒரு சிறு கூடு. ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும்.

"வெளிக்கதவு திறந்திருக்கு சார். விருந்தினர் காத்திருக்கக் கூடாதுன்னு, நீங்க உள்ள போனதும் நாற்காலி வெச்சு நிறுத்தச் சொன்னது நீங்கதானே."

"அத எடு!"

"அதுல தலைமை விருந்தினரே உக்காந்துட்டாரு சார். கால் வலிக்குதாம்."

"எந்திரிக்கச் சொல்லு!"

"சொன்னேன் சார். இந்தப் பொண்ணு யாருன்னு கேக்குறாரு."

அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, கதவுக்குப் பக்கத்துச் சுவரில். காலையில்தான் அதன் மேல், படத்தில் நன்றாக விழும் என்று, அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகையைத் திருகி வைத்திருந்தார்கள். கையுறை போட்ட விரலால் திருகாணியைச் சுரண்டினார். பட்டப்பெயர்களுக்கு இடம் போதாமல் பெரிதாகச் செய்த பலகை. அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். 'கிளிங்'.

திரும்பினார். ஒரு குப்பி சாய்ந்து பக்கத்துக் குப்பியின் மேல் விழுந்திருந்தது. பிறகு அடுத்தது. பிறகு வரிசை முழுவதும், யாரோ உள்ளங்கையால் மெல்லத் தள்ளியதுபோல. ஒன்று உருண்டது. அலமாரியின் விளிம்பு வரை வந்து நின்றது. உள்ளே கறுப்பு மட்டும் நிற்கவில்லை. கண்ணாடியை முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டியது.

விழுந்தது.

குப்பி உடைந்தது. மருந்து தெறிக்கவில்லை. தரையில் விழும் எந்தத் திரவமும் வட்டமாகச் சிதறும். இது சிதறவில்லை. ஒரு கோடாக நீண்டது, எறும்பு வரிசைபோல. வெள்ளைத் தரையில் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். கோட்டின் தலையும் நகர்ந்தது.

இன்னொரு குப்பி விழுந்தது. இன்னொன்று.

கண்ணாடிக்கு ஓடி ஒரு கையால் அடித்தார். மறு கை கோப்பை விடவில்லை. அப்பால் விருந்தினர்கள், கையில் குவளைகளோடு. யாரோ அவரைக் காட்டினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். எல்லோரும் சிரித்துக் கையசைத்தார்கள். அவர் வாயை அகலத் திறந்து கத்தினார். முகமூடி உள்ளே போய் வெளியே வந்தது. உரையைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. புகைப்படக்காரர் மண்டியிட்டார். கூட்டத்துக்குப் பின்னால் துளி மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதில் உட்கார்ந்திருந்தவர் அவளை முறைத்தார்.

கோடுகள் நான்காயின. ஏழாயின. அப்புறம் எண்ணவில்லை. சத்தமே இல்லை. காற்றோட்டியின் இரைச்சல் மட்டும்.

காலணி உறையின் மேல் முதல் கோடு ஏறியது.

உதறினார். போகவில்லை. கணுக்கால். முழங்கால். அங்கிக்கு வெளியேதான், என்று சொல்லிக்கொண்டார். அங்கிக்கு வெளியேதான். காற்றுகூடப் புகாத துணி. ஒரு தூசு நுழையாது. அறை வாசலில் ஒட்டிய விதிகளில் அப்படி எழுதியதும் அவர்தான். முழுக்க மூடியிருந்தால் ஒன்றும் ஆகாது.

தொடை. இடுப்பு.

கோடுகளெல்லாம் ஒன்று சேர்ந்தன. அவசரப்படவில்லை. வலப்பக்கம் திரும்பின. கோப்பின் கீழ்விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் நின்றன, வாசலில் நின்று வீட்டெண்ணைச் சரிபார்ப்பவர்போல.

கண்ணாடிக்கு அப்பால் ஒளிவிளக்குகள் பளிச்சிட்டன. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர் மட்டும் எழவில்லை.

கோப்பு நழுவி விழுந்தது.

மீடியம் அளவு அங்கியின் ஜிப் அவருடைய தொப்புளுக்கு மேல் ஏறவில்லை.